எக்ஸ்எம்எல் வந்துவிட்டது, திரையில் ஏன் இல்லை? – கேள்வி பதில்

கேள்வி: எக்ஸ்எம்எல் (தரவை டேகுகளுக்குள் வைக்கும் வடிவம்) கோப்பிலுள்ளதை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் என் பக்கத்தில் காட்டப் பார்க்கிறேன். பக்கத்தின் எச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்து பிரவுசரில் திறக்கிறேன். பக்கம் தெரிகிறது, எக்ஸ்எம்எல் மட்டும் ஏற மறுக்கிறது.

பதில்: முகவரிப் பட்டையைப் பாருங்கள், 'ஃபைல்' என்று தொடங்கும். அப்படித் திறந்த பக்கம் அருகிலிருக்கும் இன்னொரு கோப்பைப் படிப்பதைப் பாதுகாப்புக்காக பிரவுசர் தடுக்கிறது. உங்கள் கணினியிலேயே சின்னதாக ஒரு லோக்கல் சர்வர் ஓடவிடுங்கள். பைத்தான் இருந்தால் ஒரே வரிக் கட்டளைதான்.

கேள்வி: வேறொரு தளத்தின் செய்தியோடையை (புதிய பதிவுகளின் எக்ஸ்எம்எல் பட்டியல்) ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் மூலம் எடுத்தால், பிற தளத்திலிருந்து படிக்க அனுமதியில்லை என்ற கார்ஸ் பிழை வருகிறது. 'நோ-கார்ஸ்' போடலாமா?

பதில்: வேண்டாம். பிழைச் செய்தி மறையுமே தவிர, உள்ளடக்கத்தை உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாது. அனுமதி தர வேண்டியது அந்தத் தளத்தின் சர்வர். தராவிட்டால், உங்கள் சர்வர் அதை எடுத்து உங்கள் பக்கத்துக்குக் கொடுக்கும்படி செய்யுங்கள்.

கேள்வி: எக்ஸ்எம்எல் எழுத்தை ஆவணமாக மாற்றும் (பார்ஸ் செய்யும்) டாம்பார்சர் எந்தப் பிழையும் காட்டவில்லை, ஆனால் பட்டியல் காலி. இரண்டு நாளாகத் தேடுகிறேன். பிழையைப் பிடிக்கும் டிரை-கேட்ச்சும் போட்டுப் பார்த்தேன்.

பதில்: டிரை-கேட்ச்சில் இது சிக்காது. எக்ஸ்எம்எல் உடைந்திருந்தாலும் டாம்பார்சர் ஒரு ஆவணத்தைத் திருப்பித் தந்துவிடும். 'பார்சர்எரர்' என்ற எலிமென்ட் அதற்குள் இருக்கும், அவ்வளவுதான். பார்ஸ் செய்த அடுத்த வரியிலேயே அதைத் தேடுங்கள். இந்த ஒரு சோதனையை எழுதாமல் மேலே போகவே கூடாது என்பேன்.

எச்டிஎம்எல்லில் ஒரு டேகை மூட மறந்தாலும் பிரவுசர் சமாளித்துக்கொள்ளும். எக்ஸ்எம்எல் அப்படியில்லை. 1998இல் வந்த 1.0 தரவரையறையே, அமைப்பில் பிழை கண்டால் பார்சர் வழக்கம்போல் தொடரக் கூடாது என்கிறது. முதலில் '&' குறியைத் தேடுங்கள். பெயர்களுக்கு நடுவிலும் இணைய முகவரிகளிலும் அப்படியே கிடக்கும், அதை '&' என்ற குறியீடாக மாற்றியிருக்க வேண்டும். அப்புறம், எச்டிஎம்எல்லில் பழகிய ' ' என்ற இடைவெளிக் குறியீடு. எக்ஸ்எம்எல்லில் பெயருள்ள குறியீடுகள் இயல்பாக 5 மட்டுமே, அது அவற்றில் இல்லை. இன்னொன்று கண்ணில் படவே படாது: முதல் வரியிலுள்ள எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு முன்னால் ஒரு காலி வரி இருந்தாலும் பிழைதான். சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் அதைத் துப்பியிருக்கலாம்.

கேள்வி: 'மீடியா:தம்ப்நெய்ல்' மாதிரி முன்னொட்டுள்ள டேக், சிஎஸ்எஸ் முறையில் எலிமென்டைத் தேடும் குவெரிசெலக்டரில் கிடைக்கவில்லை.

பதில்: சிஎஸ்எஸ்ஸில் முக்காற்புள்ளிக்கு (:) வேறு பொருள். 'கெட்எலிமென்ட்ஸ்பைடேக்நேம்என்எஸ்' பயன்படுத்துங்கள். நேம்ஸ்பேஸ் முகவரியையும் (கோப்பில் அந்த முன்னொட்டோடு இணைத்துத் தரப்பட்டிருக்கும் முகவரி) முன்னொட்டில்லாத பெயரையும் தர வேண்டும்.

கேள்வி: ஓடையில் வரும் விளக்கத்தை, டேகுகளோடு பக்கத்தில் சேர்க்கும் இன்னர்எச்டிஎம்எல்லில் போட்டால் அழகாக வருகிறது. அப்படியே விடலாமா?

பதில்: அடுத்தவர் எழுதியதை அப்படியே உள்ளே விடாதீர்கள். படம் ஏறாதபோது ஓடும், ஒரு பட டேகின் 'ஆன்எரர்' வழியாகக்கூட உங்கள் பக்கத்தில் அவர்களது ஸ்கிரிப்ட் ஓடும். வெறும் எழுத்து போதுமென்றால் டெக்ஸ்ட்கன்டென்ட். வடிவமைப்பும் வேண்டுமென்றால் டாம்ப்யூரிஃபை மாதிரி ஒன்றால் சுத்தம் செய்த பிறகு போடுங்கள்.

கேள்வி: பயனர் ஒவ்வொரு வகையாக அழுத்தும்போதும் கோப்பை மறுபடி ஏற்றுகிறேன், பக்கம் திணறுகிறது.

பதில்: ஒருமுறை ஏற்றினால் போதும். வந்ததும் ஒவ்வொரு எலிமென்டையும் சாதாரண ஆப்ஜெக்டாக்கி ஒரு அரேயில் வையுங்கள். பயனர் அழுத்தும்போது அந்த அரேயை வடிகட்டி, வரிகளை ஒரு டாக்குமென்ட்ஃபிராக்மென்டில் (இன்னும் பக்கத்தில் சேராத தற்காலிகக் கொள்கலன்) சேர்த்து, மொத்தமாகப் பக்கத்தில் வையுங்கள்.