அடைப்பு இல்லை என்றால் மாரடைப்பு இல்லையா?

இதய நலம்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. விடியற்காலையில் தாடையும் மேல்முதுகும் வலித்து, வியர்த்து, வாந்தி எடுத்தார். ‘கேஸ்’ என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மாரடைப்பு என்றார்கள். பெண்களுக்கு அறிகுறியே வேறா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முழுக்க வேறு அல்ல. பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முதன்மையான அறிகுறி. ஆனால் தாடை, முதுகு வலி, மூச்சிரைப்பு, குமட்டல், வழக்கமில்லாத அசதி ஆகியவை ஆண்களைவிட அதிகமாகக் கூடவே வரும். சர்க்கரை இருந்தால் வலியே மங்கிவிடலாம். “நெஞ்சு வலிக்குதா?” என்றால் பலர் “இல்லை” என்பார்கள். “பாரமா இருக்கா, இறுக்குதா, அடைக்குதா?” என்று கேட்டால்தான் “ஆமாம்” வரும்.

அமிலத்துக்கான ஊசியில் தொந்தரவு குறைந்ததால் இதயத்தில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. மருத்துவமனைக்குள் நுழைந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். அது சரியாக இருந்தும் தொந்தரவு நீடித்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும். ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) ரத்தப் பரிசோதனையும் ஒருமுறை போதாது. வலி தொடங்கிய உடனே பார்த்தால் ஏறியிருக்காது. இன்னொன்று, பலர் கவனிக்காதது: நுண்ணளவு ட்ரோபோனின் ஐ பரிசோதனை ஒன்றில் லிட்டருக்கு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 16 நானோகிராம்தான் எல்லை. ரிப்போர்ட்டில் இருபாலருக்கும் ஒரே எல்லையைப் போட்டால், 25 உள்ள பெண் ‘நார்மல்’ ஆகிவிடுவார். இந்த எண்கள் பரிசோதனைக் கிட்டுக்குக் கிட்டு மாறும் என்பதால், “பெண்களுக்கான எல்லை எது?” என்று கேளுங்கள்.

சந்தேகம் வந்ததும் 108-ஐ அழையுங்கள். தமிழகத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால், ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதல் டோஸாக 14 மாத்திரைகள் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் 8) தருகிறார்கள். இவற்றை வீட்டில் தாமாக விழுங்கக் கூடாது. ரத்தக்கசிவு உள்ளவருக்கு ஆபத்தாகிவிடும்.

கேள்வி: வயது 46. ட்ரோபோனின் கூடியிருந்தது. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, மனப்பதற்றம் என்கிறார்கள். மாத்திரையை நிறுத்தலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்தாதீர்கள். ட்ரோபோனின் கூடினால் இதயத் தசைக்கு அடி பட்டிருக்கிறது என்று பொருள். பதற்றம் என்று சொல்லி அதைக் கடந்துவிட முடியாது. ஆஞ்சியோகிராமில் பெரிய ரத்தக்குழாய்களின் உட்புறம்தான் தெரியும். குழாய் திடீரெனச் சுருங்கி விரிந்திருக்கலாம். சிறு குழாய்களில் கோளாறு இருக்கலாம். குழாய்ச் சுவரே உட்பக்கம் கிழிந்திருக்கலாம். இந்தக் கிழிசல் நடுவயதுப் பெண்களிடம்தான் அதிகம். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும், ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைக்கப்போனால் கிழிசல் நீளக்கூடும் என்பதால், ரத்த ஓட்டம் இருக்கும்வரை பொறுத்துப் பார்ப்பதே நல்லது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பெரும் துக்கம், அதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் நுனி பலூன்போல் உப்புவதும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் அதற்கு ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரை வைத்தார்கள்.

சாயம் செலுத்தி எடுக்கும் இதய எம்.ஆர்.ஐ. இவற்றில் பலவற்றைப் பிரித்துக் காட்டும். இரண்டு வாரத்துக்குள் எடுத்தால் தெளிவு அதிகம். காரணம் தெரிந்தால்தான் மருந்து தெரியும்: குழாய்ச் சுருக்கத்துக்கு டில்டியாசெம் போன்ற குழாயைத் தளர்த்தும் மருந்துகள் உதவும், இதயத் துடிப்பைக் குறைக்கும் சில பீட்டா பிளாக்கர்கள் சுருக்கத்தையே கூட்டிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நார்மல் ஆஞ்சியோ’ என்று மட்டும் இருந்தால் காரணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: கணவருக்கும் எனக்கும் ஸ்டென்ட். ஒரே மாத்திரை, ஒரே அளவு. சரியா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினின் பலன் இருவருக்கும் ஒன்றே; பெண் என்பதற்காகக் குறைக்க வேண்டாம். பீட்டா பிளாக்கரான மெட்டோப்ரோலால் பெண்களின் ரத்தத்தில் அதிகம் தங்கும். தலைசுற்றலோ நாடித்துடிப்பு 50-க்குக் கீழோ இருந்தால் அளவைக் குறைக்கக் கேளுங்கள். பி.பி. மாத்திரையான ராமிப்ரில் தரும் வறட்டு இருமலும் பெண்களுக்கே அதிகம், மருத்துவரைக் கேட்டு டெல்மிசார்ட்டான் என்ற வேறு பி.பி. மாத்திரைக்கு மாறலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் பிராசுக்ரெல் சாப்பிட்டால் எடையைப் பாருங்கள்: 60 கிலோவுக்குக் கீழே வழக்கமான 10 மில்லிகிராமுக்குப் பதில் 5. கர்ப்ப காலத்தில் பி.பி.யோ சர்க்கரையோ இருந்திருந்தால், அது எத்தனை வருடம் முன்பு என்றாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.