குடித்த வீடியோ வெளியான மகனிடமிருந்து போனைப் பறித்துவிடலாமா?

பறிக்க வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் உங்கள் 15 வயது மகன் நண்பனின் பிறந்தநாளில் பீர் குடித்ததையும், அதை யாரோ படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டதையும், உங்கள் கணவர் போனை உடைக்கப் போனதையும் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது, 2024 டிசம்பரில் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே நினைவுக்கு வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் மனநல ஆலோசகர் இல்லை. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். பிள்ளை வளர்ப்பில் எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். தவறு செய்து கற்றதை மட்டுமே எழுதுகிறேன்.

என் மகன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் கேம் ஆடிக்கொண்டிருந்தான். என் கணவர் பெல்டை எடுத்தார். நான் போனைப் பிடுங்கி மூன்று மாதம் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்த மூன்று மாதமும் வீடு அமைதியாக இருந்தது, பையன் திருந்திவிட்டான் என்று என் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவனோ நண்பனின் பழைய போனை இரவல் வாங்கி, அதே கணக்கைப் பள்ளிக்கு வெளியே திறந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்களிடம் எதைச் சொல்லக் கூடாது என்பதை அவன் அப்போதுதான் நன்றாகக் கற்றுக்கொண்டான்.

அடுத்த ஆண்டு, பதினொன்றாம் வகுப்பில், கொருக்குப்பேட்டையில் ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில் கேக் வெட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். பத்து மணிக்கு வீடு திரும்ப வேண்டியவன் வரவில்லை. அவன் தலைவலியோடு தூங்கிவிட்டான், காலையில் வருவான் என்று நண்பன் போனில் சொன்னான். மறுநாள் கண் சிவந்து வந்து படுத்தவனுக்கு, மார்கழிப் பனியில் மாடியில் படுத்ததால் வந்த சளி என்று எண்ணி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

பொங்கல் கழிந்து வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிவு போட்டபோதுதான் பார்த்தேன். 500, 1,000, 2,000, 3,000 என்று நான்கு முறை, முன்பின் தெரியாத ஒரு பெயருக்கு என் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளை என் போனிலிருந்தே அவன் அழித்திருந்தான். கரண்ட் பில் கட்டுவதற்காக ரகசிய எண்ணை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். சூதாட்ட கேமில் விட்டுவிட்டான் என்று முதலில் நினைத்தோம். கணவர் மறுபடியும் பெல்டைத் தேடினார். அந்த முறை நான் குறுக்கே நின்றேன்.

மறுநாள் இரவு அவனே சொன்னான். அன்று மாடியில் அவன் குடித்து வாந்தி எடுத்ததை ஒரு பையன் படம்பிடித்து, நெருங்கிய நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி ஸ்டோரியாகப் போட்டிருக்கிறான். இருபது பேர் பார்த்த அதை அவர்களில் ஒருவன் பதிவு செய்து வேறு யாருக்கோ அனுப்ப, அது ஊர் பேர் தெரியாத ஒரு கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கணக்கு என் மகனுடைய ஃபாலோயர்ஸ் பட்டியலைப் படம்பிடித்து அவனுக்கே அனுப்பியது. அதில் அவன் அத்தை இருந்தாள், டியூஷன் ஆசிரியர் இருந்தார், நானும் இருந்தேன். இத்தனை பேருக்கும் அனுப்புவேன், உன் அப்பாவுக்கும் போகும் என்றது. நான்காவது முறை கொடுத்த பிறகு, பணம் போதாது, வேறு மாதிரியான படம் எடுத்து அனுப்பு என்றும் கேட்டிருக்கிறது. தெய்வாதீனமாக அவன் அதை அனுப்பவில்லை.

குடித்தது என் மகனின் தவறு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் முகம் தெரியாத அந்த ஆள் எதை முதலாகப் போட்டு எங்களிடம் 6,500 ரூபாய் சம்பாதித்தான் என்று பல இரவுகள் யோசித்தேன். அப்பாவின் பெல்ட்டும் நான் பூட்டிய பீரோவும்தான் அவனுக்கு முதல். எங்களிடம் வந்து சொல்லக்கூடிய பிள்ளையாக அவனை நாங்கள் வைத்திருந்தால், அந்த வீடியோவை வைத்துக்கொண்டு ஒருவன் ஐந்து ரூபாய்கூடக் கேட்டிருக்க முடியாது. உங்கள் வீட்டுப் போனை இப்போது பறித்தால் அடுத்த மிரட்டல் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடியாத மாடு படியாது என்று சிலர் கீழே எழுதுவார்கள் என்று தெரியும். எங்கள் மாடு அடிபட்டதுதான். கண்டிப்பே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அந்தப் பணத்தை அவன் விடுமுறையில் என் மாமாவின் ஸ்டேஷனரிக் கடையில் நின்று திருப்பிக் கொடுத்தான். இரவு பத்து மணிக்கு மேல் எல்லோருடைய போனும், என்னுடையதும் சேர்த்து, கூடத்து அலமாரியில்தான் சார்ஜ் ஏறுகின்றன.

மிரட்டல் தெரிந்ததும் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை; கொடுத்தால் நிற்காது என்பதற்கு அந்த நான்கு தொகைகளே சாட்சி. கோபத்தில் உரையாடலை அழித்துவிடாமல் எல்லாவற்றையும் படம்பிடித்தோம். மிரட்டிய கணக்கின் பெயரையும், அதன் இணைப்பு முகவரியையும், பணம் போனதற்கான பரிவர்த்தனை எண்களையும் குறித்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் அந்தக் கணக்கைத் தடை செய்தோம். 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் புகாரைப் பதிந்தோம். பணம் போன சில மணி நேரத்துக்குள் 1930-க்குச் சொன்னால் அது நிற்கும் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு அது மிகவும் தாமதம், பணம் திரும்ப வரவில்லை. வீடியோவை அனுப்புவேன் என்றவனும் பிறகு அனுப்பவில்லை.

உங்கள் மகனிடம் யாராவது ஆபாசப் படம் கேட்டிருந்தாலோ, அவன் அனுப்பியிருந்தாலோ, அது போக்சோ சட்டத்துக்குள் வரும். 2012-இல் வந்த அந்தச் சட்டம் ஆண் பிள்ளைகளையும் காக்கிறது. அப்படிப்பட்ட படம் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போவதில்லை. அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட நிறுவனங்களுக்குப் போய், அந்தப் படத்தை அவை அடையாளம் காண உதவும். சொல்ல வாய் வராத பிள்ளைக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கொடுத்து வையுங்கள்.

இன்ஸ்டாகிராமில் உங்கள் மகன் கொடுத்திருக்கும் பிறந்த ஆண்டையும் பாருங்கள். என் மகன் 11 வயதில் கணக்குத் தொடங்கியபோது, 13 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை என்பதால், 2000-ஆம் ஆண்டு பிறந்ததாகப் போட்டிருந்தான். அதனால் 16 வயதுப் பையனை இன்ஸ்டாகிராம் 24 வயது ஆளாக நடத்தியது. கணக்கு எல்லோருக்கும் திறந்திருந்தது, பட்டியல் தெரிந்தது, யார் வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாம். பதின்வயதினருக்கான தனிக் கணக்கு வசதி 2025 தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்தது. அதில் கணக்கு தானாகவே மூடியிருக்கும், அவர்கள் பின்தொடராத ஆட்கள் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் அனுமதி இல்லாமல் இவற்றைத் தளர்த்தவும் முடியாது. பிறந்த ஆண்டு பொய்யாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் தானாக வந்து சேராது. உங்கள் மகனுக்கு 15 என்பதால் உங்களுக்கு இன்னும் ஓராண்டு கையில் இருக்கிறது. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள்.

இனி குடியைப் பற்றி. பீர்தானே என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு குவாட்டர் 180 மில்லி, அதாவது 30 மில்லி கணக்கில் ஆறு பெக். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில், ஏறக்குறைய நான்கு பெக் பிராந்தியில் இருக்கும் அளவு ஆல்கஹால் இருக்கிறது. ஒரு பெக்கைக் கரைக்கப் பெரியவர்களின் கல்லீரலுக்கே சுமார் ஒரு மணி நேரம் வேண்டும். என் மகன் அன்று இரண்டு பாட்டிலைக் குடித்துவிட்டு, கோலாவில் கலந்த பிராந்தியையும் மேலே ஊற்றிக்கொண்டான். நினைவில்லாமல் மல்லாந்து கிடந்தவன் வாயில் நண்பர்கள் எலுமிச்சைச் சாற்றை ஊற்றியிருக்கிறார்கள். 108-க்கு அழைத்தால் போலீஸ் வரும் என்று பயந்து, தூங்கினால் சரியாகிவிடும் என்று கீழே இறங்கிப் போய்விட்டார்கள்.

அந்த வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் நான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது இரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். எலுமிச்சை, மோர், காபி, குளிர்ந்த தண்ணீர் எதுவும் அதைக் குறைக்காது. உரக்கக் கூப்பிட்டும் எழாமல் இருந்தால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், உடல் சில்லிட்டு உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

இதை அவனுக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. மயங்கிக் கிடப்பவனுக்கு எதுவும் செய்ய முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய நான்கு நண்பர்களை வீட்டுக்கு அழைத்தேன், படம்பிடித்த பையன் உட்பட. சாப்பாடு போட்ட பிறகு கூடத்தில் பாய் விரித்து, ஒருவனை மல்லாந்து படுக்கச் சொல்லி, மற்றவனை அவன் முழங்காலை மடக்கி, தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். அன்று இரவு என் மகனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. பிள்ளைகளுக்குக் குடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் என்று ஒரு பையனின் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தீயை அணைக்கக் கற்றுக்கொடுப்பவர் தீ வைக்கச் சொல்வதில்லை என்று அவருக்குப் புரியவைக்க முயன்றேன், முடியவில்லை.

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. ஆனால் இந்தப் பையன்கள் கடை வரிசையில் நிற்பதே இல்லை. தெருவில் ஓர் அண்ணன் வாங்கிக் கொடுத்தான். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது கொடுப்பது 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் பெறக்கூடிய குற்றம் என்று அந்த அண்ணனின் வீட்டுக்கே போய், அவன் பெற்றோர் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன். காதுகுத்து விருந்தில் பிள்ளையின் கையில் ஒரு வாய் கொடுத்துச் சிரிக்கும் சித்தப்பாவுக்கும் அதே பிரிவுதான்.

எங்கள் வீட்டையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. என் கணவர் சனிக்கிழமை தோறும் வீட்டில் குடிப்பவர். தண்ணீர் பாட்டிலும் மிக்சர் பாக்கெட்டும் வாங்கிவர, பத்து வயதிலிருந்து மகனைத்தான் அனுப்பினோம். அவனைப் பொறுத்தவரை குடி என்பது சனிக்கிழமைகளில் அப்பா அவனிடம் அன்பாகப் பேசும் நேரம். அதை அவனே சொன்னபோது என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். இப்போது அவர் வீட்டில் குடிப்பதில்லை; முழுவதும் விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அது உண்மையாகாது.

பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரைச் சொல்லப் போவதில்லை. செய்தி எப்படியோ அங்கே போனதும், மிரட்டியவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஏரியாப் பிள்ளைகள் இப்படித்தான் என்று சொல்லி, டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா இதே ஏரியாவில், புதுவண்ணாரப்பேட்டையில், வளர்ந்த பெண். அவள் வென்று அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்படிப் பேசும் ஒரு பள்ளியிடம் எந்தப் பிள்ளை போய், என்னை ஒருவன் மிரட்டுகிறான் என்று சொல்லும்? டி.சி. கேட்பதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை, அவனும் அங்கேயே படித்து முடித்தான். உங்கள் மகனின் பள்ளியும் அப்படிக் கேட்டால் எழுத்தில் கேளுங்கள்.

இன்று இரவு உங்கள் மகனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். யார் வாங்கிக் கொடுத்தது, யார் எடுத்தது என்று தொடங்க வேண்டாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு மணி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, வேறு எதுவும் தோன்றாமல், “யாராவது உன்கிட்ட காசு கேட்டு மிரட்டுறாங்களாடா? யாரா இருந்தாலும் அம்மா இருக்கேன், அப்பா கை வைக்க மாட்டார்” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுக்களைக்குப் போய்விட்டேன். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் இரவு பத்தரை மணிக்கு, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சட்டையை எடுத்து மடித்துக்கொண்டே, “அம்மா, நாலு வாட்டி குடுத்துட்டேன்” என்றான்.