வாசகர் கேள்விகள்: குவளையைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி (வாசகி, கடலூர்): ஓர் ஆசிரியரும் அவரிடம் பயின்றவர்களும் சேர்ந்து வைத்திருந்த செராமிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஆசிரியரின் படைப்புகளுக்கும் மாணவர்களின் படைப்புகளுக்கும் சாயலே இல்லை. அப்படியானால் அவர்கள் அவரிடம் என்ன கற்றார்கள்?

பதில்: சாயல் இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம், எனக்கு அது அந்த ஆசிரியர்மேல் மதிப்பையே கூட்டுகிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரம அன்னையின் விருப்பப்படி, அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்கலப் பட்டறை, இன்று நாடெங்கும் அறியப்படும் செராமிக் கலைஞர்கள் பலரை உருவாக்கியது. ஜப்பானில் மண்கலங்களுக்குப் பேர்போன பிஜெனில் பயின்று வந்த ஸ்மித், அன்றாடம் சோறு உண்ணும் தட்டிலும் கிண்ணத்திலும் தூரிகையால் சித்திரம் தீட்டினார். கட்டடக்கலையும் பயின்றவரான மீக்கரோ, பச்சை மண்ணால் வீட்டையே எழுப்பி, அந்த வீட்டையே சூளையாக்கி, உள்ளிருந்து தீ மூட்டிச் சுட்டெடுத்தார். ஒரே வளாகத்தில் இருந்த இரண்டு ஆசிரியர்களுக்கே சாயல் இல்லாதபோது, மாணவர்களிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது?

ஆசிரியரின் கையைக் காண வேண்டுமானால் கலத்தின் அடியைப் பார்க்க வேண்டும். வனைந்த கலம் பாதி உலர்ந்ததும் அதைச் சக்கரத்தின்மேல் கவிழ்த்து, அடியில் மிகுந்திருக்கும் மண்ணைச் சீவி, வளையம்போல ஒரு கால் அமைப்பார்கள். எங்கே நிறுத்துவது என்பதை விரலால் தட்டிக் கேட்டே அறிய வேண்டும். கொஞ்சம் கூடுதலாகச் சீவினால் அடி ஓட்டையாகிவிடும், குறைத்துச் சீவினால் கையில் எடுத்ததும் பார்வைக்குத் தோன்றியதைவிடக் கனக்கும். அந்தக் கால்வளையத்துக்குச் சற்று மேலேயே கண்ணாடிப் பூச்சு நின்றிருக்கும். அதுவரை துடைத்தெடுக்காவிட்டால், சூளையில் பூச்சு உருகி வழிந்து கலத்தை அது நிற்கும் சூளைத் தட்டோடு ஒட்ட வைத்துவிடும். இந்த ஒழுக்கத்தைப் பழக்குவதுதான் ஆசிரியரின் வேலை. அதற்கு மேல் எழும் வடிவம் மாணவருடையது.

கேள்வி (வாசகர், மதுரை): எங்கள் ஊரில் நல்ல மண்பானை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கண்காட்சியில் ஒரு சிறு குவளைக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்களே, நியாயமா?

பதில்: இரண்டும் வேறு வேறு பொருள்கள். நம் பானையைச் சுமார் 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரையில் சுடுகிறோம்; அதன் நுண்துளைகள் மூடாமல் இருப்பதால் நீர் கசிந்து ஆவியாகி, உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. ஸ்டோன்வேர் எனப்படும் கலம், முதற்சூட்டுக்குப் பின் பூச்சு ஏற்று, மறுபடி 1200 முதல் 1300 டிகிரி வரை வேகிறது. அந்த வெப்பத்தில் மண் இறுகிக் கல்போலாகிக் கசிவது நின்றுவிடுகிறது. இரண்டு சூட்டின் எரிபொருள், மண்ணோ பூச்சோ சரியாக அமையாமல் உடைந்து போனவை எல்லாம் மிஞ்சிய குவளையின் விலையில்தான் சேர்கின்றன. ஆகவே விலை நியாயம் என்றே சொல்வேன்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு நியாயம் ஒளிந்திருக்கிறது. ஆளுயரத்துக்கும் மேற்பட்ட அய்யனார் குதிரையை உள்ளே வெற்றிடமாக, பகுதி பகுதியாக எழுப்பி, விரிசல் விடாமல் சுட்டெடுக்கும் வேளார் குடும்பங்களிலும் ஆசிரியர் மாணவர் உறவு உண்டு. அங்கே அது தந்தை மகன் உறவாக இருக்கிறது, அவ்வளவே. அவர்களின் பானை சில நூறு ரூபாயிலேயே நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது. குவளையின் விலையைக் குறைப்பதைவிட, பானையின் விலையை உயர்த்திக் கொடுப்பதே முறை.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): கண்காட்சியில் கலங்களைத் தொடலாமா?

பதில்: அனுமதி கேட்டுவிட்டுத் தொடுங்கள். பயன்பாட்டுக் கலமானால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் ஏந்தி, மோதிரமும் வளையலும் உரசாமல், மேசைக்கு மேலேயே வைத்துப் பாருங்கள்; கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். பிறகு மெல்லக் கவிழ்த்து, அடியில் வனைந்தவரின் முத்திரையைத் தேடிப் பாருங்கள்.