கேளுங்கள், சொல்கிறேன்: கைகள் பேசும் கண்காட்சி

கேள்வி: என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சூழலுக்கு இசைந்த வடிவமைப்பு பற்றிய அருங்காட்சியகக் கண்காட்சி ஒன்றைச் சைகை மொழியில் சுற்றிக் காட்டுகிறார்களாம். அவன்தான் நன்றாகப் படிப்பானே, பொருளுக்குப் பொருள் விளக்கப் பலகையும் இருக்குமே, பிறகு இது எதற்கு?
- ஒரு வாசகி

பதில்: நானும் காது கேளாதவள்தான், அருங்காட்சியக வழிகாட்டியும்கூட. எனவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்குப் படிக்கத் தெரியும் என்பதற்காகக் காது கேட்பவர்களுக்கான வழிகாட்டிகளை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லையே! பலகையிடம் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. தவிர, எங்களில் பலருக்குச் சைகைதான் முதல் மொழி. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு என்பதை வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-லேயே எடுத்துக்காட்டிவிட்டார்.

வடிவமைப்பை விளக்கச் சைகையைப் போல வசதியான மொழி கிடையாது. விக்டர் பாப்பனெக் என்ற வடிவமைப்பாளரின் தகர டப்பா வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தி எறிந்த டப்பா. உள்ளே மெழுகும் திரியும். எரியும் வெப்பமே மின்சாரமாகி வானொலியை இயக்கும். மெழுகு தீர்ந்தால் காய்ந்த சாணத்தையும் எரிக்கலாம். இதை எழுதினால் ஒரு பத்தி. நானோ இடது கையை டப்பாவாக வளைத்துக்கொள்வேன். வலது கை விரல்கள் உள்ளே தீயாக அசையும், வெப்பமாக மேலே ஏறும், கம்பி வழியே காதுக்கு ஓடும். பார்ப்பவருக்கு எது எதனால் நடக்கிறது என்பது அங்கேயே விளங்கிவிடும். (கேட்காத நான் வானொலியை விளக்குவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நானும் சிரித்துக்கொண்டுதான் விளக்குகிறேன்.)

ஆனால், சைகைச் சுற்று நன்றாக அமைவது அரிது. எங்கள் கண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை வராது. பொருளைப் பார்த்தால் வழிகாட்டியின் கை தெரியாது. கையைப் பார்த்தால் பொருள் தெரியாது. அதனால் நல்ல வழிகாட்டி முதலில் பார்க்க விடுவார், கைகளைக் கீழே போட்டுக் காத்திருப்பார், பிறகுதான் பேசுவார். பூஞ்சை இழைகளால் வளர்த்த, பொருள்கள் உடையாமல் பொதிந்து அனுப்ப உதவும் கட்டியைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தாலும் இதே கதைதான்: இரண்டு கையாலும் அதைப் பிடித்திருப்பவர் எப்படிக் கேள்வி கேட்பார்? வாயில் துணியை அடைத்த மாதிரிதான். பழைய தாள்களும் துணிகளும் மங்கிவிடக் கூடாதென்று கூடத்தில் விளக்கைக் குறைத்து வைப்பார்கள், அது சரிதான். ஆனால் வழிகாட்டியின் கைமேலும் முகத்தின்மேலும் கொஞ்சம் வெளிச்சம் விழ வேண்டும். சன்னலுக்கு எதிரே அவரை நிறுத்தினால் நிழலுருவம்தான் மிஞ்சும்.

தம்பியை அனுப்புமுன், வழிகாட்டுபவர் காது கேளாதவரா, பேச்சைச் சைகையாக்கும் மொழிபெயர்ப்பாளரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் பயன்தான். என் ஓட்டு முதலாமவருக்கு.

கேள்வி: சைகை மொழி உலகம் முழுவதும் ஒன்றுதானே? வெளிநாட்டு அருங்காட்சியகத்திலும் புரியுமா?
- மற்றொரு வாசகர்

பதில்: இல்லை. அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் பேசுவது ஒரே ஆங்கிலம், அவர்களுடைய சைகை மொழிகளோ வெவ்வேறு. அமெரிக்கச் சைகைக்குப் பிரெஞ்சுச் சைகைதான் நெருங்கிய உறவு. எந்தச் சைகை மொழியில் சுற்றிக் காட்டுகிறார்கள் என்பதை விசாரித்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.