கும்பிடுபூச்சி தோலுரிக்கையில் பாதியில் நின்றுவிட்டால் கை வைக்கலாமா?

வீட்டில் வளர்க்கும் கும்பிடுபூச்சி தோலுரிக்கும்போது பாதியில் நின்றுவிட்டது, உதவலாமா அல்லது அப்படியே விடவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பூச்சியின் முன்னால் உட்கார்ந்தபடியேதான் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். ஆகையால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தலைகீழாகத் தொங்குகிறதா? கால்கள் எல்லாம் பழைய தோலிலிருந்து வெளியே வந்து, வயிற்றின் நுனி மட்டும் உள்ளே இருக்கிறதா? அப்படியானால் தயவுசெய்து தொடாதீர்கள். அது சிக்கிக்கொள்ளவில்லை, ஓய்வெடுக்கிறது. புதுக் கால்கள் சற்று இறுகும் வரை சில நிமிடங்கள் அசையாமல் தொங்கிவிட்டு, பிறகு தானாகவே உடலை மேலே வளைத்து, பழைய தோலைப் பற்றிக்கொண்டு வயிற்று நுனியை உருவியெடுக்கும்.

இதை அறியாததால் நான் ஒன்றைச் சாகவிட்டிருக்கிறேன். நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வீட்டோடு தையல் வேலை செய்பவள். விலங்கியல் படித்தவள் அல்ல. என் மகன் கிளுவை வேலியில் பிடித்த ஒரு சிறிய கும்பிடுபூச்சியை ஊறுகாய்ப் போத்தலில் வளர்த்தான். அது தோலுரிக்கத் தொடங்கி, மேலே நான் சொன்ன ஓய்வு நிலையில் அசைவின்றித் தொங்கியபோது, மூச்சுத் திணறுகிறது என்று நினைத்து, நூல் பிடுங்கும் சாவணத்தால் மெல்லத்தான் பிடித்து இழுத்தேன். அந்த நேரத்தில் அதன் உடல் ஈரத்துணியைப் போல் துவண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு பின்னங்கால் கழன்றது, வெளிர்பச்சை நீர் கசிந்தது, பூச்சி அடியில் விழுந்து விழுந்த கோணத்திலேயே இறுகிப்போனது. மூன்றாம் நாள் இறந்தது. மகன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என் நெஞ்சில் நிற்கிறது.

அடுத்ததை முருங்கை மரத்திலிருந்து கொண்டுவந்தான். நல்ல பச்சை நிறம், பெண். வயிற்றின் அடிப்புறத்தில் பெண்ணுக்கு ஆறு வளையங்களும் ஆணுக்கு எட்டும் தெரியும். பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது கூட்டின் உயரம் இருக்கவேண்டும் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். தோலுரிப்பில் பாதி வேலையைச் செய்வது பாரம்தான். கீழே தொங்க இடமில்லாவிட்டால் கால்கள் உருவி வராமல் மடங்கிப்போகும். ஆகவே ஒரு மரச்சட்டத்தில் நுளம்பு வலையைப் பொருத்தி உயரமான கூடு செய்தேன். எறும்பு ஏறாதிருக்க, எங்கள் அம்மம்மா சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்ததைப் போல, கூட்டின் நான்கு கால்களையும் தண்ணீர்ச் சிரட்டைகளில் வைத்தேன். ஆனால் மேல்வலையை மாத்திரம், வேறு வேலை குவிந்திருந்ததால், ஓட்டுத்தையலில் அவசரமாகப் பிடித்துவிட்டேன். ஊருக்கெல்லாம் இறுக்கித் தைக்கும் நான் அந்த ஒரு பக்கத்தைத் தொய்ய விட்டேன்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய வாரம் அது இரையைத் தொடாமல் விட்டது. முதுகில் இருந்த சிறகு மொட்டுகள் உப்பியிருந்தன. அப்படியென்றால் கடைசித் தோலுரிப்பு நெருங்கிவிட்டது. உள்ளே கிடந்த வெட்டுக்கிளிகளை எடுத்துவிட்டோம், ஏனென்றால் தோலுரிக்கும் பூச்சியால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது, இரையே அதைக் கடித்துவிடும். ஐந்தாம் நாள் இரவு, "அம்மா, கெதியா வாங்கோ, பச்சை விழுந்திட்டுது" என்று மகன் கத்தினான். சோளகக் காற்று அடிக்கிற காலம். யன்னலும் திறந்திருந்தது, மின்விசிறியும் சுழன்றுகொண்டிருந்தது. தொய்ந்த வலை காற்றில் அடிபட்டதில் பிடி நழுவியிருக்கிறது. தலையும் நெஞ்சும் முன்னங்கால்களும் வெளியே, மற்ற நான்கு கால்களும் வயிறும் பழைய தோலுக்குள்ளே என்ற நிலையில் அது தரையில் கிடந்தது.

இதுதான் உண்மையான சிக்கல். இதற்குத்தான் உதவி தேவை. அந்த உதவியும் இழுப்பதல்ல, திரும்பத் தொங்கவிடுவதுதான். மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, மகனின் வர்ணத் தூரிகையால் பழைய தோலை மட்டும் தாங்கித் தூக்கி, கால்கள் உள்வாங்கியதால் வெறுமையாகியிருந்த பாதத்தோலின் நகங்களை வலைக் கண்களில் கொளுவினேன். இரண்டு நகங்கள்தான் பிடித்தன. அவற்றை மெல்லிய நூலால் வலையோடு சேர்த்துக் கட்டினேன். கூட்டைச் சுற்றி ஈரத்துணி போர்த்தினேன். இளஞ்சூட்டு நீரில் தூரிகையை நனைத்து, உதறிவிட்டு, தோல் ஒட்டியிருந்த கால் மூட்டுகளில் மாத்திரம் ஒற்றினேன். வயிற்றின் பக்கங்களில் தண்ணீர் படக்கூடாது. மூச்சுத்துளைகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. ஒற்றுவதும் பொறுத்திருப்பதுமாக ஏறத்தாழ இருபது நிமிடங்களில் மூன்று கால்கள் உருவி வந்தன. இடது பின்னங்காலை மூட்டிலிருந்து பாதத்தை நோக்கி ஈரத் தூரிகையால் வருடி வருடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அது வளைந்தபடியே இறுகியது. ஒரு சிறகும் சுருங்கியே நின்றுவிட்டது. குஞ்சுப் பருவத்தில் இழந்த கால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் மீண்டும் முளைக்கலாம், ஆனால் சிறகு வந்தபின் தோலுரிப்பு இல்லை, ஆகையால் அந்தக் கோணல் கடைசி வரை இருந்தது.

இயற்கையில் தலையிடக் கூடாது என்று இங்கே யாராவது எழுதுவார்கள். மரத்தில் இருக்கும் பூச்சிக்கு அது சரி, நானும் தொடமாட்டேன். கூட்டின் உயரத்தையும் காற்றையும் நானே தீர்மானித்த பின்னர், விழுந்ததை இயற்கையின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தண்ணீர் தெளிக்க ஒரு சிறிய போத்தல் வாங்க விவசாயப் பொருட்கள் விற்கும் கடைக்குப் போய், வீட்டில் இருக்கும் பூச்சிக்கு என்றேன். கடைக்காரர் நான் சொல்லி முடிப்பதற்குள் கிருமிநாசினியை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். வெங்காயத் தறையிலும் மிளகாய்த் தோட்டத்திலும் புழுவையும் வெட்டுக்கிளியையும் கூலியின்றித் தின்கிற உயிர் இது. எங்கள் வேலிகளில் முன்பு கண்ட அளவுக்கு இப்போது நான் இவற்றைக் காண்பதில்லை. அது எனக்குத் தீராத மனவருத்தம்.

உங்கள் பூச்சி தப்பினால், முழுதாக இறுகும் வரை இரண்டு மூன்று நாட்களுக்கு இரை கொடுக்காதீர்கள். தண்ணீர்த் துளி மட்டும் வாயருகே வையுங்கள். கால் ஊனமானால் தானாக வேட்டையாடச் சிரமப்படும். நாங்கள் இலையானைச் சாவணத்தில் பிடித்து அதன் முன்னங்கால்களுக்கு அருகே நீட்டுவோம். முதல் நாள் பின்வாங்கியது, இரண்டாம் நாள் பிடுங்கிக்கொண்டது. ஐப்பசியில், ஆண் சேராமலேயே, மரச்சட்டத்தில் நுரை போன்ற ஒரு முட்டைக்கூட்டை வைத்தது. அதற்கு ஒரு மாதத்துக்குப் பின், மாரி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் இறந்துகிடந்தது. பொரிக்காது என்று தெரிந்தும் மகன் அந்தக் கூட்டை எடுத்துவிட விடவில்லை, இன்னும் சட்டத்திலேயே இருக்கிறது. மேல்வலையை மட்டும் நான் பிரித்து, இரட்டைத் தையல் போட்டு இறுக்கித் தைத்து வைத்திருக்கிறேன்.