4.99 டாலர் கோழி உண்மையிலேயே மலிவா?

கேள்வி: டாலஸில் இருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போவதால் வாரம் ஒருமுறை காஸ்ட்கோ என்ற உறுப்பினர் மொத்தக்கடையில் 4.99 டாலருக்குச் சுட்ட கோழி வாங்கிவிடுவேன். "பச்சைக் கோழி வாங்கிச் சமைத்தால் மிச்சமாகுமே" என்கிறார் கணவர். மாமனாருக்கு பிபி வேறு இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: கோழிக் கணக்கில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். அந்தக் கோழி 3 பவுண்டு எடை, அதாவது பவுண்டு 1.66 டாலர். அமெரிக்காவில் பச்சை முழுக்கோழியே சராசரியாகப் பவுண்டு 2 டாலரை ஒட்டித்தான் விற்கிறது. சுட்டால் கால்வாசி எடை வற்றிவிடும். ஆக, வீட்டில் அதே அளவு கோழி வேண்டுமானால் 4 பவுண்டு வாங்க வேண்டும். 8 டாலர் ஆகிறது. ஓவன் ஓடும் நேரமும் கரண்டும் தனி.

சமைத்தது எப்படிப் பச்சையைவிட மலிவாகும்? கடை அதில் லாபம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். 2009 முதல் விலை ஏறவே இல்லை. இதற்காக ஆண்டுக்கு 3 முதல் 4 கோடி டாலர் லாபத்தை விட்டுக்கொடுப்பதாக 2015-இல் அவர்களின் நிதித் தலைவரே சொன்னார். விலையைக் கட்டுக்குள் வைக்க 2019-இல் நெப்ராஸ்காவில் சொந்தமாகக் கோழி ஆலையே திறந்தார்கள். இவ்வளவு பாடுபட்டு விற்கும் கோழியை வாசலிலா வைப்பார்கள்? கடையின் கடைக்கோடியில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் டிவி, ஜமுக்காளம் அளவு சிப்ஸ் பாக்கெட் எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும்.

அதனால் கோழியை விடுங்கள், பில்லைப் பாருங்கள். கடைசி எட்டு பில்களை எடுத்து, பட்டியலில் இல்லாமல் வண்டியில் ஏறியதை மட்டும் கூட்டுங்கள். வாரம் 30 டாலர் என்றாலும் வருடத்துக்கு 1,560 டாலர். உறுப்பினர் கட்டணம் 65 டாலர் அதற்குமுன் ஒன்றுமே இல்லை. என்னிடம் வருபவர்களில் பலருக்கு ஓட்டை இங்கேதான். நானும் பால் வாங்கப் போய் மடக்கு நாற்காலியோடு வந்தவன்தான். கோழி மட்டும் வேண்டிய நாளில் வண்டியைத் தொடாமல் வெறுங்கையோடு உள்ளே போங்கள். கையில் சூடான கோழி இருந்தால் வேறெதையும் தூக்கத் தோன்றாது.

தரத்துக்கு வருவோம். கறி பஞ்சாக இருக்கக் காரணம், சுடும் முன்பே ஏற்றிய உப்புநீர். 85 கிராம் கறியில் 460 மில்லிகிராம் சோடியம். நாள் வரம்பு 2,300 தான், அதிலும் மாமனாருக்கு மருத்துவர் இன்னும் குறைத்துச் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பச்சைக் கறி வாங்கித் தனியாகச் சமைத்துவிடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். குழம்புக்கும் சுட்ட கோழி சரிப்படாது, மசாலா உள்ளே இறங்காது. பிய்த்துப் போட்டு மிளகு வறுவலோ கொத்து பரோட்டாவோ செய்யலாம். வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். எலும்பைத் தூக்கிப் போடாதீர்கள், பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டால் ஒரு நேரத்து சூப். உப்பை மட்டும் கடைசியில், ருசி பார்த்துப் போடுங்கள்.