வானத்தில் ஆள் பறக்கிறான், இவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்!

கே: சூப்பர் ஹீரோ காமிக்ஸில் ராட்சசன் வந்து நடுரோட்டில் கட்டடத்தைப் பிய்த்துப் போடுகிறான். அடுத்த இதழில் அதே ஊர் ஜனங்கள் காபி குடித்துவிட்டு ஆபீஸ் போகிறார்கள். எழுதுகிறவர்களுக்கு இது உறைக்கவே உறைக்காதா?
- வாசகர், கும்பகோணம்

ப: உறைக்காமல் என்ன! முதலில் பிழைப்பு விஷயம். மாதாமாதம் வரும் தொடர், முடிவு என்று ஒன்று கிடையாது; இந்த மாதம் இடிந்த மன்ஹாட்டன் அடுத்த மாதம் எழுந்து நிற்காவிட்டால் புது வில்லன் வந்து எதை இடிப்பான்? ஆகவே ஊர் தானாகச் சரியாகிவிடும், ஜனங்களும் மறந்துவிடுவார்கள்.

அப்புறம் 1989-ல் மார்வெல் காமிக்ஸ் கம்பெனியில் எழுத்தாளர் ட்வைன் மெக்டஃபியும் ஓவியர் எர்னி கோலோனும் 'டேமேஜ் கன்ட்ரோல்' என்று ஒரு தொடர் போட்டார்கள். சண்டை ஓய்ந்ததும் வந்து இடிபாட்டை அள்ளி, கட்டடத்தைத் திரும்பக் கட்டித் தரும் கம்பெனியின் கதை. கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் டாக்டர் டூமிடமே பாக்கி வசூலிக்கப் போகிறார். உலகத்தை மிரட்டும் கொடுங்கோலன் இவருக்கு வெறும் பணம் கட்டாத பார்ட்டி!

பேட்மேன் ஊர் போலீஸைப் பற்றிய 'காதம் சென்ட்ரல்' தொடரில் இன்னும் அழகு. போலீஸ் ஆபீஸ் மொட்டை மாடியில் பேட்மேனைக் கூப்பிடும் வௌவால் விளக்கு இருக்கிறது, ஆனால் முகமூடிக்காரனோடு போலீசுக்குத் தொடர்பு என்று சட்டப்படி ஒப்புக்கொள்ள முடியாது. அதனால் சுவிட்சை எந்தப் போலீஸ்காரரும் தொடுவதில்லை. ஆபீஸில் தற்காலிக வேலை பார்க்கும் ஒரு பெண் மாடியேறிப் போய், மோட்டார் போடுகிற மாதிரி போட்டுவிட்டு வருகிறாள். பக்கம் பக்கமாக நீளும் குத்துச்சண்டையை விட எனக்கு இந்த ஒரு சுவிட்ச் போதும்.

கே: அப்படியானால் அந்த ஜனங்களுக்குப் பயமே கிடையாதா?
- வாசகி, திருநெல்வேலி

ப: உண்டு, ஆனால் பழகாத பயம்தான் பயம். கர்ட் பியூசிக் எழுதிய 'ஆஸ்ட்ரோ சிட்டி'யில் (1995) மார்ட்டா என்றொரு பெண். அவள் வீடு ஷேடோ ஹில் பகுதியில், அங்கே இருட்டினால் பேய் பிசாசு நடமாட்டம், வாசலிலும் ஜன்னலிலும் காப்பு கட்டாமல் யாரும் தூங்க மாட்டார்கள். நம்மூரில் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவளுக்கோ நகரத்தின் நடுவே ஆபீஸ் வேலை, இந்த மூடநம்பிக்கையை விட்டு அங்கேயே குடிபோகலாமா என்று ஆசை. ஒருநாள் அங்கே சூப்பர் வில்லன் சண்டையில் மாட்டிக்கொண்டு நடுங்கிப் போகிறாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது வழக்கம், இவளுக்கு அந்த ஊர்க் காப்பு எதுவென்று தெரியாது. பேசாமல் பேய்களிடமே திரும்பிப் போய்விடுகிறாள்!

இன்னொன்றும் இருக்கிறது, அது அவ்வளவு சிரிப்பான விஷயமில்லை. அதே பியூசிக் 1994-ல் எழுதிய 'மார்வெல்ஸ்' கதையில், ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர் ஹீரோ குழுவின் வீட்டுக் கல்யாணத்தை வாய் பிளந்து பார்க்கிற அதே நியூயார்க் ஜனங்கள்தான், பிறவியிலேயே விசித்திர சக்தி கொண்ட எக்ஸ்-மென் ஆட்களைக் கண்டால் துரத்துகிறார்கள். கதை சொல்லும் புகைப்படக்காரர் நல்ல மனிதர், அவரே அவர்கள் மேல் ஒரு செங்கல்லை எடுத்து வீசிவிடுகிறார். பறப்பவன் பழகிவிட்டான், பக்கத்து வீட்டில் வித்தியாசமாகப் பிறந்த குழந்தை மட்டும் பழகவில்லை.

கே: உங்களுக்குப் பிடித்த சாமானியர் யார்?
- வாசகர், சேலம்

ப: சந்தேகமென்ன, தபால்காரர் வில்லி லம்ப்கின்! ஃபென்டாஸ்டிக் ஃபோர் 11-ஆவது இதழில் (1963) வருகிறார். உடம்பெல்லாம் நெருப்பாகும் பையனும் பாறை மனிதனும் இருக்கும் வீட்டுக்குத் தினமும் தபால் கொண்டுபோய், போகிற போக்கில் அந்தக் குழுவில் தனக்கும் ஒரு இடம் கேட்கிறார். என்ன சக்தி? காதை ஆட்டுவாராம்.